பேர்கனுக்கு வந்த மருமோனுக்கு

நல்ல நாள் பாத்துத்தான் வந்து இறங்கியிருக்கிறாய், மருமோன். ஐப்பசிக் கடைசி. மரத்திலை இலை இல்லை, மலையிலை இன்னும் பனி இல்லை, வானத்திலை சூரியன் இருக்குதோ எண்டு கேட்டால் ஒருத்தரும் சத்தியம் பண்ணிச் சொல்லமாட்டினம். நோர்வேயை முதன்முதலாப் பாக்கிறதுக்கு இதைவிடத் திறமான முகூர்த்தம் எந்தப் பஞ்சாங்கத்திலையும் கிடையாது. ஆடியிலை வந்திருந்தியெண்டால் இந்த நாட்டை நம்பிப்போடுவாய். ஐப்பசியிலை வந்தவனை நோர்வே பேந்து ஏமாத்த ஏலாது.

இரு, மாமி தேத்தண்ணி போடுறாள். அதுக்குள்ளை நாலு புத்தி சொல்லிப்போட்டு விடுறன். கேக்கிறதும் விடுறதும் உன்ரை விருப்பம். கேக்காதவையும் இந்த நாட்டிலை உயிரோடைதான் இருக்கினம். கொஞ்சம் நொண்டிக்கொண்டு இருக்கினம், அவ்வளவுதான்.

வாசலிலை சப்பாத்துக் கழட்டேக்கை, "மாமா, உந்த மழை எப்ப விடும்?" எண்டு கேட்டனியெல்லோ. மாமி குசினிக்குள்ளை நிண்டு சிரிச்சது அதுக்குத்தான். பேர்கன்காரர் அப்பிடிக் கேக்கிறேல்லை ராசா. 2006ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி தொடங்கின மழை, 2007 ஜனவரி 21 வரைக்கும் ஒரு நாள் தப்பாமல் பெய்தது. 85 நாள். அந்த 85 நாளுக்கும் மழை எண்டு ஒரு பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டதாக் கதையில்லை. எங்கட ஊரிலை ரண்டு துளி விழுந்தால் ரியூசனுக்குப் போகாமல் போத்துக்கொண்டு படுத்தனி நீ. இஞ்சை அப்பிடிப் படுத்தியெண்டால் பங்குனியிலைதான் எழும்புவாய்.

எங்கட யாழ்ப்பாணத்திலை மாரி முழுக்கக் கொட்டித் தீத்தாலும் வருசத்துக்கு 1,300 மில்லிமீட்டரைச் சுத்தித்தான். பேர்கனுக்குச் சராசரி 2,250க்கு மேலை. ஆனா எங்கட மழைக்கு ஒரு மரியாதை இருக்கு. இடி இடிச்சுச் சொல்லிப்போட்டு வரும், கொட்டும், போகும். தவளை கத்தும், வெயில் எறிக்கும். பேர்கன் மழை சொல்லிக்கொண்டு வாறேல்லை, சொல்லிக்கொண்டு போறதுமில்லை. மேலையிருந்து விழும், பக்கத்தாலை வரும், சிலநேரம் காத்து அடிச்சுக் கீழையிருந்தும் ஏறும். இதுக்கு நீ நல்ல விலையான குடை ஒண்டு வாங்கு. வாங்கவேண்டாம் எண்டு நான் சொல்லமாட்டன். புயல் அடிச்ச அடுத்தநாள் காலமை ரவுணுக்குள்ளை போய்க் குப்பைத்தொட்டியளைப் பார். கம்பி வெளியிலை தள்ளிக்கொண்டு எத்தினை வடிவான குடையள் தலைகீழாக் கிடக்கும். உன்ரையும் அதுகளோடை போய்ச் சேரட்டும். கடைக்காரனும் பிள்ளைகுட்டிக்காரன்தானே.

ஏன் இப்பிடிப் பெய்யுது எண்டு கேக்கமாட்டாய், எஞ்சினியர் படிச்சனி. எண்டாலும் சொல்லுறன். அத்திலாந்திக் கடலிலையிருந்து தென்மேற்குக் காத்து ஈரத்தைச் சுமந்துகொண்டு வரும். எங்கட கடற்கரையிலை இதைச் சோளகம் எண்டு சொல்லுவம். வந்த உடனை முன்னாலை மலை. பேர்கனைச் சுத்தி ஏழு மலை எண்டு இந்த ஊர்ச்சனம் பெருமையா எண்ணிக் காட்டும். காத்து மேலை ஏறவேணும், ஏறினால் குளிரும், குளிர்ந்தால் ஈரத்தை வைச்சிருக்க ஏலாது. துவைச்ச சாரத்தை முறுக்கிப் பிழியிறமெல்லோ, அதுதான் நடக்குது. பிழியிற இடத்துக்குக் கீழை நீ அறை எடுத்திருக்கிறாய்.

பகிடி என்னெண்டால், மலைக்கு அங்காலை போனால் பிழிஞ்ச சாரத்திலை ஒரு சொட்டு மிச்சமில்லை. ஷோக் எண்டு ஒரு இடம் இருக்கு, யோத்துன்ஹைமன் மலையளுக்கு அந்தப் பக்கம். வருசம் முழுக்க 300 மில்லிமீட்டரும் பெய்யாது. அங்கத்தைக் கமக்காரர் நூற்றாண்டுக் கணக்கா மலையிலையிருந்து மரப்பீலியாலையும் வாய்க்காலாலையும் தண்ணி கொண்டுவந்து வயலுக்குப் பாய்ச்சினவை. பீலியிலை தண்ணி விட்டுத் தோட்டம் செய்த எங்களுக்கு அது விளங்கும். ஒரே நாடு, ஒரே ராசா, ஒரே பாஸ்போட். இஞ்சை ஒருத்தன் தண்ணியைத் திட்டுறான், அங்கை ஒருத்தன் தண்ணிக்கு வழி வெட்டுறான்.

அதாலை, "நோர்வேயிலை காலநிலை எப்பிடி?" எண்டு உன்ரை அம்மா கேட்டால், "எந்த நோர்வே?" எண்டு திருப்பிக் கேள். இந்த நாடு தெற்கு முனையிலையிருந்து வடக்கு முனைக்கு 1,700 கிலோமீட்டருக்கு மேலை. பருத்தித்துறையிலையிருந்து தேவேந்திரமுனைக்குப் போற தூரம் நாலு தரம் போகவேணும். அக்கா பதில் கேக்கமாட்டா, "சாப்பிட்டியோ?" எண்டு கதையை மாத்திப்போடுவா. அது போகட்டும்.

எண்டாலும் மழையை அவமரியாதையாப் பேசாதை, அதுக்கு ஒரு காரணம் இருக்கு. 1917இலை வில்ஹெல்ம் பியெர்க்னெஸ் எண்ட மனிசன் ஜேர்மனியிலை லைப்சிக் பல்கலைக்கழகத்தை விட்டிட்டு இந்தப் பேர்கனுக்கு வந்தவர். முதலாம் உலக யுத்த நேரம். வெளிநாட்டிலையிருந்து வாற வானிலைத் தந்தியள் நிண்டுபோச்சு. நாட்டிலை தானியம் தட்டுப்பாடு. கமக்காரனுக்கும் மீன்பிடிகாரனுக்கும் நாளைக்கு என்ன நடக்கும் எண்டு சொல்ல ஆளில்லை. மனிசன் மேற்குக்கரை நெடுகக் காத்தும் மேகமும் பாத்துச் சொல்ல ஆக்களை நெருக்கமா வைச்சார். அவற்றை மகன் யாக்கோப்பும் கூடவந்த பெடியளும் அந்தக் கணக்குகளை வைச்சுக்கொண்டு, சூடான காத்தும் குளிர்க்காத்தும் ஒண்டையொண்டு முட்டிற கோட்டிலைதான் புயலும் மழையும் பிறக்குது எண்டு பிடிச்சவை. இண்டைக்கு உலகம் முழுக்க ரீவியிலை நீலக்கோடும் சிவப்புக்கோடும் கீறிக் காட்டுகினமே, அது இஞ்சை பிறந்த பிள்ளை. வெயில் எறிக்கிற ஊரிலை அவையளை விட்டிருந்தால் எல்லாரும் கடற்கரையிலை படுத்திருப்பினம்.

இப்ப அந்தப் பரம்பரை உன்ரை கைபேசிக்குள்ளை வந்திட்டுது. நோர்வே வானிலை நிலையமும் அரச வானொலி-தொலைக்காட்சியும் சேந்து 2007இலை தொடங்கின 'யூர்'. இந்த நாட்டிலை கடவுளை நம்பாதவன் இருப்பான், யூர் பாக்காதவன் இருக்கமாட்டான். அதைப் பாக்கிறதுக்கு ஒரு முறை இருக்கு. அடுத்த மூண்டு மணித்தியாலத்தைப் பாத்துச் சட்டை போடு. பத்தாம் நாளைப் பாத்துப் பிறந்தநாள் கொண்டாட்டம் வைக்காதை. சனம் என்ன செய்யுமெண்டால், தன்ரை ஊரிலை மழை எண்டு காட்டினால் பக்கத்து ஊரை அடிச்சுப் பாக்கும், அங்கையும் மழையெண்டால் அதுக்கு அடுத்த ஊர். கடைசியா எங்கையோ ஒரு மூலையிலை சூரியன் படத்தைக் கண்டவுடனை காரை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டிடும். நீயும் வெளிக்கிடு. போற வழி முழுக்க நனைஞ்சாலும், சூரியனைத் தேடிப் போனன் எண்டு திங்கட்கிழமை வேலையிடத்திலை சொல்ல ஒரு கதை கிடைக்கும். கதை இல்லாதவனோடை இஞ்சை ஒருத்தரும் கோப்பி குடிக்கமாட்டினம்.

வேலையிடம் எண்ட உடனை ஞாபகம் வருது. முதல் கிழமையிலையே உனக்கு ஆராவது ஒருத்தர் சொல்லியிருப்பினம்: கெட்ட காலநிலை எண்டு ஒண்டு இல்லை, கெட்ட உடுப்புத்தான் இருக்கு. பழமொழி எண்டு சொல்லுவினம். எனக்கென்னவோ முதன்முதல் அதைச் சொன்னவன் உடுப்புக்கடை வைச்சிருந்திருக்கவேணும். நல்ல மழைச்சட்டை ஒண்டின்ரை விலையைப் பாத்தியெண்டால் கெட்ட காலநிலை மலிவு எண்டு தோணும். எண்டாலும் வாய் திறக்காமல் வாங்கு. அதைவிட முக்கியம் உள்ளுக்குப் போடுறது. அக்கா கட்டித் தந்த ஒரு டசின் பருத்திப் பெனியனையும் ஜீன்சையும் நீ போட்டுக்கொண்டு திரி, நான் தடுக்கேல்லை. பருத்தி வேர்வையைக் குடிச்சுக் குடிச்சு வைச்சிருக்கும். நீ நிண்டவுடனை அந்த ஈரம் குளிர்ந்து முதுகிலை ஒட்டும். மெல்லிய கம்பளி உள்ளுடுப்பு ஈரமானாலும் சூடு விடாது. தோலோடை கம்பளி, அதுக்கு மேலை ஒரு தடிச்ச சுவெற்றர், அதுக்கு மேலை காத்தும் தண்ணியும் புகாத சட்டை. மூண்டு அடுக்கு. மூண்டு வயசுப் பிள்ளைக்கும் இது தெரியும்.

தை மாசத்திலை எங்கட கலியாண வீட்டுக்கு வந்து பார். மண்டபத்துக்குள்ளை காஞ்சிபுரம் சரசரக்கும். வாசலிலை போய்ச் சப்பாத்துத் தட்டைப் பார், முழங்கால் உயரப் பூட்ஸ் வரிசையா நிக்கும். சாறிக்கு உள்ளுக்கை கம்பளிக் காற்சட்டை இருக்கிறது எனக்குத் தெரியும், மாமிக்குத் தெரியும், இப்ப உனக்கும் தெரியும். வீடியோக்காரனுக்கு மட்டும் தெரியக்கூடாது.

பாலர் பள்ளிப் பக்கம் போனியெண்டால் இன்னொண்டும் காண்பாய். குழந்தையளைத் தள்ளுவண்டிலுக்குள்ளை போத்து மூடி, பூச்சியத்துக்குக் கீழையும் வெளியிலை நித்திரை கொள்ள விட்டிருப்பினம். பொலிசுக்கு ரெலிபோன் எடுத்துப்போடாதை. குழந்தை நல்லாத்தான் நித்திரை கொள்ளுது. உன்ரை அம்மாவுக்கு மட்டும் படம் எடுத்து அனுப்பாதை.

சரி, மழையும் குளிரும் ஒரு பக்கம். எங்கட ஆக்களை விழுத்திறது அதுகளில்லை, இருட்டு. மார்கழி நடுவிலை பேர்கனிலை பகல் ஆறு மணித்தியாலமும் இல்லை. வேலைக்குப் போகேக்கை இருட்டு, வரேக்கை இருட்டு. இந்த நேரம் பாத்து ஊர் முழுக்கக் கறுப்பு ஜக்கெற், கறுப்புக் காற்சட்டை, கறுப்புத் தொப்பி. ஆரைக் கேட்டாலும் கறுப்பு ஊத்தை தெரியாது எண்டுவினம். ஊத்தை மட்டுமில்லை, ஆளும் தெரியாது. டிம் லைற்றிலை வாற கார்க்காரன் கறுப்பு உடுப்புக்காரனை 25, 30 மீட்டருக்குக் கிட்ட வந்துதான் காணுவான். கையிலை ஒரு ரிஃப்ளெக்ஸ் பட்டி தொங்கினால் 140 மீட்டரிலையே கண்டுபோடுவான். சும்மா குடுக்கிற பட்டி. பாங்கிலை குடுப்பினம், பள்ளிக்கூடத்திலை குடுப்பினம். ஸ்ரைல் குறையும் எண்டு மேசை லாச்சிக்குள்ளை வைச்சிருக்கிற பெடியளை எனக்குத் தெரியும். நீயும் வைச்சிரு. லாச்சி நல்லா மினுங்கும்.

சூரியன் இல்லாத காலத்துக்கு மருந்து மீனெண்ணெய். கொட் மீன்ரை ஈரல் எண்ணெய். செப்டம்பரிலையிருந்து ஏப்ரல் வரைக்கும் காலமை ஒரு கரண்டி எண்டு இஞ்சத்தைக் கிழவியள் பிள்ளையளுக்கு வாயைப் பிளந்து ஊத்தினவை. விற்றமின் டி. எங்கட கறுத்தத் தோல் வெயிலிலையிருந்து அதைச் செய்யிறதுக்கு வெள்ளைத்தோலைவிடக் கூட நேரம் எடுக்கும். வெயிலும் இல்லை, தோலும் சோம்பல், பேந்து எங்காலை வரும்? மணம் பிடிக்காட்டி குளிசை எடு. ரண்டும் எடுக்காமல் பங்குனியிலை "மாமா, உடம்பு முழுக்க உளையுது, ஆரோ செய்வினை செய்துபோட்டாங்கள்" எண்டு வராதை. வாற ஆக்கள் இருக்கினம், அதுதான் சொல்லுறன்.

வெயிலின்ரை அருமை தெரியவேணுமெண்டால் ரியூகனுக்கு ஒருக்கால் போட்டு வா. இரண்டு பக்கமும் மலை நெருக்கின பள்ளத்தாக்கு. செப்டம்பர் கடைசி தொடக்கம் மார்ச் நடு வரைக்கும் சூரியன் மேலை போகும், கீழை இறங்காது. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்திலை சாம் ஏய்ட எண்டவர் அருவியிலை மின்சாரம் எடுத்து உரம் செய்யிறதுக்கு அந்தப் பள்ளத்துக்குள்ளை ஒரு ஊரையே கட்டிப்போட்டார். கட்டி முடிஞ்ச பேந்துதான் வெயில் இல்லை எண்டது எல்லாருக்கும் உறைச்சுது. 1913இலையே மலையிலை கண்ணாடி வைச்சு வெயிலைக் கீழை திருப்புவம் எண்டு ஒரு யோசினை வந்தது. அது அப்ப சரிவரேல்லை. சரி, வெயில் வராட்டி சனத்தை வெயிலிட்டைக் கொண்டுபோவம் எண்டு 1928இலை கம்பியிலை ஓடுற வண்டில் ஒண்டு போட்டினம், வேலைக்காரர் மலைக்கு ஏறி முகத்தைக் காட்டிப்போட்டு இறங்கிறதுக்கு. நூறு வருசம் கழிச்சு, 2013இலை, மெய்யாவே மூண்டு பெரிய கண்ணாடி மலையிலை வைச்சாச்சு. கம்பியூட்டர் அதுகளைச் சூரியனுக்குப் பின்னாலை திருப்பிக்கொண்டிருக்கும். கீழை ஊர்ச் சதுக்கத்திலை 600 சதுர மீட்டருக்கு வெயில் விழும். அந்த வட்டத்துக்குள்ளை சனம் கறுத்தக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிக்கும். நாலு அடி தள்ளி நிண்டால் இருட்டு. சதுக்கத்திலை நல்ல இடம் பிடிக்க எங்கட ஆக்கள் அங்கை இன்னும் போகாதது நோர்வேக்காரர் செய்த புண்ணியம்.

வடக்குக் கதை சொல்லாட்டி நான் கிழவன் எண்டு ஒருத்தரும் ஒத்துக்கொள்ளமாட்டினம். எண்பதுகளிலை எங்கட பெடியள் படிக்க எண்டு இஞ்சை வந்து, பேந்து வேலை தேடிப் பின்மார்க் மாகாணத்து மீன் பக்ரறியளுக்குப் போனவை. நானும் அந்தக் கூட்டத்திலைதான் வார்தோவிலை கத்தி பிடிச்சனான். வரைபடத்தை எடுத்துப் பார், இஸ்தான்புல்லைவிடக் கிழக்கை நிக்கும் அந்த ஊர். மரம் முளைக்காது. பழைய கோட்டைக்குள்ளை ஒரேயொரு மரம் நிண்டது, வின்ரருக்கு அதுக்குப் போர்வை சுத்தி விடுறது சிப்பாய்மாற்றை வேலை. தை மாசம் சூரியன் முழு வட்டமா முதன்முதல் தெரியிற அண்டைக்கு அந்தக் கோட்டையிலை பீரங்கி வெடிக்கும், பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு விடுமுறை. எங்களுக்குப் பக்ரறியிலை விடுமுறை இல்லை. யன்னலாலை எட்டிப் பாத்துக் கும்பிட்டிட்டு அடுத்த மீனை எடுக்கிறதுதான்.

அங்கை படிச்ச பாடம் ஒண்டு: வடக்கை போகப் போகக் குளிர் கூடும் எண்டு நினைக்கிறது விசர்க்கதை. திரொம்சோ வடக்கு 69ஆம் பாகைக்கு மேலை இருக்கு. நவம்பர் 27இலையிருந்து ஜனவரி 15 வரைக்கும் சூரியன் எட்டியும் பாக்காது. எண்டாலும் அந்த ஊரிலை இதுவரைக்கும் பதிஞ்ச ஆகக்கூடின குளிர் மைனஸ் 18.4 தான், 1966 பெப்ரவரியிலை. அதே வடக்கிலை, கடலைவிட்டு உள்ளுக்குப் போனால் கராஷோக். 1886 ஜனவரி முதலாம் திகதி மைனஸ் 51.4. புதுவருச வாழ்த்து சொல்ல வாய் திறந்திருக்கமாட்டினம். என்ன வித்தியாசம்? அத்திலாந்திக்கிலையிருந்து சூடான நீரோட்டம் கரையோடை ஏறி வடக்குத் துறைமுகங்கள் உறையாமல் பாத்துக்கொள்ளும். உள்நாட்டுப் பள்ளங்களிலை காத்தசையாத இரவிலை குளிர்க்காத்து கீழை இறங்கித் தங்கிப்போடும். ஆனா கடலோரம் சொகுசு எண்டு ஓடாதை. கராஷோக்கிலை மைனஸ் 25இலை காத்தில்லாட்டி வெளியிலை நிண்டு கதைக்கலாம். வார்தோவிலை மைனஸ் 5க்குக் காத்து சேந்துதெண்டால் காதிருக்கோ எண்டு தடவிப் பாக்கவேணும். தெர்மாமீற்றரைப் பாக்காதை, பக்கத்து வீட்டுக் கொடிக்கம்பத்தைப் பார். கொடி படுத்திருந்தால் நீ எழும்பு. கொடி எழும்பி நிண்டால் தொப்பியைக் காது வரைக்கும் இழு.

மீனைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எங்கட கடற்கரைக்குத் துரோகம். உனக்குக் கருவாடு தெரியும், உப்புப் போட்டு, வெயிலிலை காயவைச்சு, காகம் கலைச்சு. லொபோத்தன் தீவுகளிலை போய்ப் பார். தை மாசத்திலையிருந்து பேரென்ஸ் கடலாலை கொட் மீன் முட்டையிட அங்கை இறங்கும். பிடிச்சு, தலையை வெட்டி, ரண்டு ரண்டா வாலிலை கட்டி, வீட்டுயர மரத்தட்டியிலை பெப்ரவரி தொடக்கம் மே வரைக்கும் தூக்கிவிடுவினம். உப்பு ஒரு மணி இல்லை. வெயிலும் பெரிசாயில்லை. காத்தும் குளிரும்தான் வேலை செய்யும். அதுவும் எந்தக் குளிர்? சரியா உறைநிலையைச் சுத்தி நிக்கிற குளிர். கூட உறைஞ்சால் தசை பிரிஞ்சுபோடும், சூடு கூடினால் இலையான் வந்துபோடும். அந்த நடுவிலான காலநிலை மாசக்கணக்கா விடாமல் நிக்கிற இடம் உலகத்திலை எத்தினை இருக்கு? அஞ்சு கிலோ மீன் ஒரு கிலோக் கட்டையாகும். வருசக்கணக்கா இருக்கும். நல்லது இத்தாலிக்குப் போகும், தலை நைஜீரியாவுக்குப் போகும். மத்திய காலத்திலை அந்தக் கட்டைமீன் எல்லாம் இஞ்சை பேர்கனுக்கு வந்துதான் ஐரோப்பாவுக்குப் போனது. நீ வந்தண்டைக்கே முன்னாலை நிண்டு படம் எடுத்துப் போட்டியே, பிரிக்கன் துறைமுகத்து மரவீடுகள், ஜேர்மன் வியாபாரியள் அந்தக் கருவாட்டை வித்துக் கொழுத்த இடமடா அது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஊரிலை கருவாட்டுக் கறியைத் தள்ளி வைச்சனி, கருவாட்டுக் கடைக்கு முன்னாலை பல்லுக் காட்டிக்கொண்டு நிக்கிறாய்.

தை, மாசியிலை பேர்கனிலை பெரிய குளிர் இல்லை. ஒரு பாகை மேலை, ஒரு பாகை கீழை. அதுதான் ஆபத்து. பகலிலை உருகும், இரவிலை உறையும், காலமை றோட்டுக் கண்ணாடி. கையைப் பொக்கற்றுக்குள்ளை விட்டுக்கொண்டு, நெஞ்சை நிமித்தி, நீட்டி நீட்டி நட. இடுப்பெலும்பு முறியிறதிலை உலகத்திலை முன்வரிசையிலை நிக்கிற நாடுகளிலை நோர்வேயும் ஒண்டு, உன்னாலை அந்தப் பேர் கெடாது. கெடுத்தாலும் பறவாயில்லை எண்டால், சின்னச் சின்ன அடி வை, கையை வெளியிலை எடு, சப்பாத்துக்குக் கீழை மாட்டுற ஆணிப்பல்லு ஒரு சோடி வாங்கு. வாலிபப் பெடியன் அதைப் போட்டால் வெக்கம் எண்டு நினைப்பாய். கட்டுப் போட்ட காலோடை பஸ் ஏறேக்கை வெக்கம் தானாப் போயிடும். கார் வாங்கினால் வின்ரர் ரயர் கேக்காமலே போடு. ஆணி ரயரெண்டால் தெற்குப் பக்கம் நவம்பர் முதலாம் திகதிக்குப் பிறகுதான், பேர்கன் ரவுணுக்குள்ளை அதுக்குக் காசும் கட்டவேணும்.

ஈஸ்டருக்கு ஊர் காலியாகும். எல்லாரும் மலையிலை மரக்குடிலுக்குப் போய்த் தோடம்பழமும் சொக்கிலேற்றும் தின்று கொலைக்கதை வாசிப்பினம். அப்ப உன்னை ஆராவது "ஒரு சின்ன நடை, வாறியோ?" எண்டு கூப்பிடுவினம். போ. வீட்டுக்குள்ளை இருந்து நல்ல நாளுக்குப் பாத்துக்கொண்டிருந்தால் பாத்துக்கொண்டே இருப்பாய். ஆனா சின்ன நடை எண்டால் நோர்வேக்காரனுக்கு விடியத் தொடங்கிப் பொழுதுபடுற வரைக்கும் மலையேறுறது. அவன் ஏறேக்கை நீயும் ஏறு. 1967 ஈஸ்டரிலை மலையிலை 18 பேர் செத்தவை. அதுக்குப் பிறகு மலை விதியளை ஊர் ஊராப் பரப்பினவை. அதிலை ஒண்டு, நேரத்தோடை திரும்பு, திரும்பிறதிலை வெக்கமில்லை எண்டது. வானம் கறுத்தவுடனை அந்த விதியைச் சத்தமாச் சொல்லு. உனக்கு மூச்சு வாங்குது எண்டு ஒருத்தருக்கும் தெரியாமல், சட்டம் தெரிஞ்ச பெடியன் எண்ட பேரோடை இறங்கலாம்.

மே 17 தேசிய தினம். பட்டுவேட்டியோ கோட்டோ என்னவும் போடு, மழைச்சட்டை மட்டும் பையிலை இருக்கட்டும்.

பேந்து சமர் வரும். எல்லாரும் விசராகிற காலம். 15 பாகைக்குச் சட்டையைக் கழட்டிப் புல்லிலை படுப்பினம். வெளியிலை இருந்து முதல் பியர் குடிக்கிற நாளுக்கு உள்ளூர்ச் சனம் வருசம் முழுக்கக் காத்திருக்கும். நடுங்கி நடுங்கிக் குடிக்கும், மடியிலை கம்பளியும் இருக்கும், எண்டாலும் உள்ளுக்குப் போகாது. இருட்டுற நேரத்தை மறந்துபோடுவாய், பத்து மணிக்கும் பிள்ளையள் பந்தடிக்கும். யன்னலுக்குக் கறுத்தச் சீலை போடு, இல்லாட்டி மூண்டு மணிக்கு எழும்பி வேலைக்கு வெளிக்கிட்டிடுவாய். வெயிலும் இந்த நாட்டுக்கு வரத் தெரியாதது இல்லை. 1970 ஜூன் 20ஆம் திகதி நெஸ்பியேன் எண்ட ஊரிலை 35.6 பாகை அடிச்சது. ஆவணியை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதை. 2023 ஆவணியிலை 'ஹான்ஸ்' எண்டு பேர் வைச்சுக்கொண்டு ஒரு புயல்மழை கிழக்குப் பக்கம் வந்தது. பேரைக் கேட்டால் பக்கத்து வீட்டு மனிசன். வந்தவர் பிராஸ்கெரெய்ட்பொஸ் அணைக்கட்டிலை ஒரு பகுதியை உடைச்சுக்கொண்டு போனார்.

இனித்தான் முக்கியமான புத்தி. எங்கட சனம் ஒண்டு செய்யும். பதினொரு மாசம் இருட்டையும் மழையையும் திட்டும். ஆடி பிறந்தவுடனை, இந்த நாட்டிலை இருக்கிற வெயில் முழுக்க வெளியிலை வாற நேரம் பாத்து, நல்லூர்த் திருவிழா எண்டு ரிக்கெற் போட்டு ஊருக்குப் பறக்கும். அங்கை போய், "ஐயோ, என்ன வெக்கை, தாங்க ஏலாது" எண்டு ஏசி போட்டுக்கொண்டு அறைக்குள்ளை படுக்கும். ஆவணிக் கடைசியிலை திரும்பி வரேக்கை இஞ்சை இலை மஞ்சளாகத் தொடங்கியிருக்கும். "பாத்தியளோ, இந்த நாட்டிலை வெயிலே இல்லை" எண்டு அடுத்த பதினொரு மாசத்துக்குக் கதை ரெடி. இப்பிடி இருபது வருசமா நோர்வேச் சமரைக் கண்ணாலை காணாத குடும்பங்கள் எனக்குத் தெரியும்.

ஜூன் முதலாம் திகதிக்கும் செப்டம்பர் கடைசிக்கும் இடையிலை மூண்டு கிழமை லீவு தரச் சொல்லிக் கேக்க உனக்குச் சட்டத்திலை உரிமை இருக்கு. லீவுப் பட்டியல் வேலையிடத்திலை சுத்தி வரேக்கை ஜூலைக்கு நேரை பேரை எழுதிப்போடு, எழுதிப்போட்டு இஞ்சையே நில். ஹார்டாங்கரிலை செரிப்பழம் பழுக்கும், கடலிலை கானாங்கெளுத்தி அள்ளலாம், தூண்டில் நான் தாறன். ஊருக்குப் போறதெண்டால் தைப்பொங்கலுக்குப் போ. அப்ப இஞ்சை றோட்டிலை ஐஸ், அங்கை விடியப்புறம் இதமான பனி. ரிக்கெற்றும் ஆடி மாச விலையில்லை. அக்காவிட்டை நான் கதைக்கிறன், திருவிழாவுக்கு வராட்டியும் பொங்கலுக்குப் பிள்ளை நிப்பான் எண்டால் கோவிக்கமாட்டா. நானும் மாமியும் கன காலமா இப்பிடித்தான் போய்வாறம். வெளியிலை மட்டும் வாய் விட்டுடாதை மருமோன். சனத்துக்குத் தெரிஞ்சால் தை மாச ரிக்கெற்றையும் விலை ஏத்திப்போடுவாங்கள்.